சௌந்தரி சிஸ்டர் எங்களைத் திருப்பிய சரிவு

செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்தது. புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு. காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து கிடந்தது. கீழே போஸ்டருக்கான வாசகம். தொழில் பழக்கம், வாசகத்தைப் படிக்காமல் படம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு ஜாக்கெட். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட முகம். அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான்.

அனுப்பிய எண்ணுக்குப் பேசினேன். ஆவூரில் இருக்கும் சௌந்தரி சிஸ்டருடைய சித்தப்பா மகன் எடுத்தார். "ஆமாங்க, நேத்து சாயந்தரம் தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். படத்துல பின்னாடி ஒரு மலை தெரியுதுல்ல, அத மட்டும் எடுத்துராதீங்க. அக்காவுக்கு மலைன்னா உசுரு" என்றார். படத்தில் அவருக்குப் பின்னால் தெரிவது மலை என்று பொதுவாகச் சொல்லிவிடக்கூடியது அல்ல. அது ஒரு குறிப்பிட்ட பனிச்சரிவு. சௌந்தரி சிஸ்டர் தன் ஆயுளில் எதற்காவது நடுங்கினார் என்றால் அந்த இடத்தைப் பார்த்துத்தான் நடுங்கினார். அதோடு சேர்த்தே அச்சடித்துக் கொடுத்தேன்.

நம் பாதயாத்திரைக் குழுவின் ஆண்டு மலருக்காக அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் முடியாது. மலரை அச்சடிப்பவன் நான் என்பதால் யாரும் குறைக்கவும் முடியாது.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானசௌந்தரி, அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் நர்சாக இருந்தவர். நாம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தபோது ஒரு வருஷம் முதலுதவிக்கு யாராவது வேண்டும் என்று கேட்கப்போய், கழுத்தில் ஜெபமாலையோடும் தோளில் பஞ்சு, பேண்டேஜ் பையோடும் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவரோடு நாம் வேளாங்கண்ணிக்கு நடந்தோம். அதன்பிறகு இரண்டு யாத்திரையும் ஒரே குழு என்றாகிவிட்டது. கொப்புளம் வந்தவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இத ஏன் காலையிலேயே சொல்லல? வீரமா?" என்று திட்டிக்கொண்டே மருந்து வைப்பார். திட்டு வாங்கியவர்கள் நம்மில் பாதிப்பேர்.

அரிசி ஆலை வைத்திருக்கும் சேகர் அண்ணன்தான் நம் குழுத் தலைவர். நடந்தால் அவருக்கு ஈடு கிடையாது. அவர்தான் பழனி மலை போதாது, இமயமலைக்குப் போவோம் என்று ஆரம்பித்தார். முதல் முறை போனபோது நாங்கள் பனியைக் கண்டு சின்னப்பிள்ளைகள் மாதிரி ஆடினோம். உருட்டி எறிந்தோம், சட்டைக்குள் போட்டுக்கொண்டோம். அப்போது எதிர்மலையில் இடி இறங்கியதுபோல ஒரு சத்தம். பார்த்தால் மலையின் ஒரு பக்கத்துப் பனி அப்படியே கழன்று புகையாகக் கீழே வந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே பெரிய பள்ளத்தாக்கு இருந்தது. நாங்கள் கைதட்டினோம். செல்போனில் பிடித்தோம். சௌந்தரி சிஸ்டர் மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. "அங்கிட்டு யாராச்சும் இருந்தாங்களா?" என்று வழிகாட்டியிடம் இந்தியும் சைகையுமாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். யாரும் இல்லை என்று அவர் சொன்ன பிறகும் நம்பாமல் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்ததும் மற்றவர்கள் படங்களைப் பரப்பிக்கொண்டிருக்க, அவர் அடுத்த கோடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு இமாச்சலத்தில் ஒரு பனிமலைப் பயிற்சிக்குப் போய்வந்தார். பயம் போய்விடும் என்று நினைத்துப் போனவர், இரண்டு பங்காக வாங்கிக்கொண்டு வந்தார். "முருகேசன், நாம விளாண்ட எடம் எல்லாம் எப்பிடிப்பட்ட எடம்னு இப்பத்தான் தெரியுது." என்று என் கடையில் வந்து உட்கார்ந்து சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மலைக்கு வருகிறவர்களை அவர் சும்மா விடவில்லை. பனிக்குள் புதைந்தவனைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு சின்னக் கருவி உண்டு. அதை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவன் புதைந்தால் மற்றவர்களின் கருவி அவனை நோக்கிப் பீப் பீப் என்று கத்தும். வல்லத்திராக்கோட்டையில் நான் வீடு கட்டுவதற்காகக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் அப்படி ஒரு கருவியைப் பையில் கட்டிப் புதைத்துவிட்டு, எங்களைத் தேடச் சொன்னார். வேகாத வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு நாங்கள் மணலைத் தோண்ட, ஊரே வேலிக்கு வெளியே நின்றது. "என்னங்க, பொதையலா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லங்க, சேகர் அண்ணனத் தேடுறோம்" என்றேன். அண்ணன் என் பக்கத்திலேயே நின்று தோண்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "போதும், நிறுத்துங்க. கால் மணி நேரம் தாண்டிருச்சு. உள்ள இருந்தவரு செத்துட்டாரு" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுபடி புதைத்தார், மறுபடி தோண்டினோம்.

இனி அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குழுவில் அதைப் பற்றி இரண்டு கதை உலவுகிறது. நான் கண்டதைச் சொல்கிறேன்.

உத்தராகண்டில் ஒரு கணவாயைத் தாண்டிப் போக வேண்டிய பயணம் அது. கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டிருந்தோம். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. காற்று வேறு, கூடாரத்தைப் பிய்த்துவிடும்போல அடித்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது, பளீரென்று வெயில். நம் ஊர்க்காரன் என்ன நினைப்பான்? புயல் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டினால் நமக்கு ஆபத்து முடிந்தது என்று அர்த்தம். கொடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். சேகர் அண்ணனும் அப்படித்தான் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். "வெயில் வந்துருச்சுப்பா! கெளம்புங்க, கெளம்புங்க" என்று கைதட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிஸ்டர் மட்டும் அந்த வெயிலைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். புதுப்பனி விழுந்து, காற்று அதை ஒரு பக்கமாக வாரிக்கொண்டுபோய்க் குவித்து, அதன்மேல் முதல் வெயில் படுகிற நாள்தான் எல்லாவற்றிலும் மோசமான நாள் என்று அவர் படித்து வந்திருந்தார். கணவாய்க்குப் போகும் வழியில் குறுக்கே அந்தச் சரிவு கிடந்தது. இரண்டு பாறை முகடுகளுக்கு நடுவே, ஓட்டுவீட்டுக் கூரையின் சாய்வில், ஒரு சுருக்கம் இல்லாத வெள்ளை. செங்குத்தான இடத்தில் பனி தங்காது, தட்டையான இடத்தில் வழுக்காது, ஓட்டுக்கூரைச் சாய்வில்தான் தங்கியிருந்து மொத்தமாக வரும் என்று அவர் முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தார். எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்ட வேறொரு கூட்டத்தின் காலடித் தடம் அதன் குறுக்கே போயிருந்தது.

சரிவின் ஓரத்தில் அவர் மண்வெட்டியால் பனியை இடுப்பளவு வெட்டினார். மேலே ஒரு பாளம், பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. அதற்கு அடியில் ரவையைக் கொட்டியதுபோல ஓர் அடுக்கு, ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் ஒரு கைப்பிடி அள்ளிச் சேகர் அண்ணன் கையில் வைத்தார். "கொழுக்கட்ட பிடிங்க பாப்போம்" என்றார். அண்ணன் பிடித்துப் பார்த்தார். விரலிடுக்கில் வழிந்து போனது. "இதுக்கு மேலதான் அம்புட்டு பாரமும் உக்காந்திருக்கு. நாம கால வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. திரும்புவோம்" என்று குரல் நடுங்கச் சொன்னார்.

"அவுங்க போயிருக்காங்கல்ல சிஸ்டர்? தடம் தெரியுதுல்ல? அவுங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் அண்ணன்.

"கேஷுவால்ட்டிக்கு வர்ற அம்புட்டுப் பேரும் இதத்தான் சொல்றாங்க. நேத்து வரைக்கும் ஒண்ணும் ஆகல சிஸ்டர்னு. நேத்து ஆயிருந்தா நேத்தே வந்திருப்பாங்க."

வழிகாட்டி இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு, முடிவு உங்களுடையது என்று நின்றார். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் நான்கு பேர், எட்டிப் பார்ப்போமே என்று அந்தத் தடத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டோம். யாத்திரையில் போவது மாதிரியே ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு போனோம். அப்போது காலுக்கு அடியில் 'தொம்' என்றது. லாரியிலிருந்து நெல்மூட்டை விழுந்தால் தரையில் கேட்குமே, அந்தச் சத்தம். நின்ற இடம் ஒரு விரல்கடை இறங்கியது. எங்களுக்கு முன்னால் பனியில் ஒரு கோடு, பிளேடால் கிழித்ததுபோல, சரிவின் குறுக்கே ஓடிப்போய் எங்கோ மறைந்தது.

என் உயிர் என்னிடம் இல்லை. இதை எழுதும்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. நாங்கள் நால்வரும் செய்த முதல் காரியம், ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டதுதான். வேறு என்ன செய்வோம்? இருட்டுச் சாலையில் லாரி உரசிக்கொண்டு போகும்போது அப்படித்தானே பிடிப்போம். யாரையும் தனியே விடக்கூடாது என்பதுதானே நம் யாத்திரையின் முதல் விதி. நான்கு பேரின் பாரமும் ஒரே இடத்தில், அந்த ரவையின்மேல்.

"கைய விடுங்க!" என்று ஒரு கூச்சல். சௌந்தரி சிஸ்டரின் குரல் அப்படிக் கிழிந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. "கைய விடுங்கன்னு சொல்றேன்ல! முதுகுப் பையோட இடுப்பு பெல்ட்டக் கழட்டுங்க, பனி இழுத்தா பைய உதறிறலாம். கடேசில நிக்கிறவரு மொதல்ல வாங்க. வந்த தடத்துலயே வாங்க. அவரு வெளிய வந்தப்புறந்தான் அடுத்தவரு. மத்தவங்க அசையாதீங்க. அசையாதீங்கப்பா..." என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நான்தான் முன்னால் நின்றவன். அதனால் கடைசியில் வர வேண்டியவன். என் கையிலிருந்து மற்றவர்களின் கை ஒவ்வொன்றாகப் போனது. பிறகு அந்த வெள்ளையில் நான் மட்டும் நின்றேன். மூச்சை விட்டால்கூட அது கழன்றுவிடும் என்று பயந்து, பாதி மூச்சு விட்டேன். பெண்டாட்டி, பிள்ளை, பாதியில் நிற்கும் வீடு, எதுவும் நினைவுக்கு வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. என் முறை வந்தபோது திரும்பி நடந்தேன். ஓரத்துக்கு வந்ததும் சிஸ்டர் என் தோளைப் பிடித்து ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அன்று முழுக்கக் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது விழவில்லை. இதுதான் விஷயம். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, அந்தக் கீறலோடு அப்படியே கிடந்தது. விழுந்து தொலைக்கக்கூடாதா என்று எனக்கே தோன்றியது. விழுந்திருந்தால் சிஸ்டர் எங்களைக் காப்பாற்றியவர் ஆகியிருப்பார். விழாததால், சேகர் அண்ணன் கணக்கில், காசையும் லீவையும் வீணாக்கிவிட்டுத் திருப்பிக் கூட்டிவந்த பயந்தாங்கொள்ளி ஆனார். திரும்பும் ரயிலில் அண்ணன் அவரோடு பேசவே இல்லை.

அந்த ரயிலில் நான் அவரைக் கேட்டேன். "சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. போயிருந்தா விழுந்திருக்குமா?" அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு எப்பிடிங்க தெரியும்? தெரிஞ்சிருந்தா ஏன் பயப்படப்போறேன்? தெரியாததுனாலதான திரும்பச் சொன்னேன்." பிறகு, "பயம் வந்தா வாயத் தொறந்து சொல்லிரணும் முருகேசன். உள்ளுக்குள்ள அமுக்கிக்கிட்டு நடக்கிறவருதான் மத்தவங்களையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருவாரு" என்றார். இதைச் சொல்லிவிட்டு எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார்.

இப்படிச் சொன்னவர், தன் நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார், இரண்டு நாளாக இடது கையைத் தேய்த்துக்கொண்டே, வாயுத் தொல்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை பேரின் நெஞ்சைப் பார்த்தவர் நீங்கள்! நேற்று வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களுமா நினைத்தீர்கள், சிஸ்டர்? பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு மனதுக்குள் அவரிடம் சண்டை போட்டேன். அவருக்கே கணக்குத் தவறியது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்ற பயம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நம் குழுவில் எல்லோரும் ஆவூருக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்ததும் சேகர் அண்ணன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. "சிஸ்டர் தாண்ட முடியாமப் போன அந்தக் கணவாய வர்ற மார்ச்சுல நாம தாண்டுறோம். சிஸ்டர் படத்த உச்சியில வச்சுக் கும்புடுறோம். அவுங்க ஆத்மா சாந்தியடையும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தாங்காமல், "அண்ணே, தாண்ட முடியாமப் போகலண்ணே, வேண்டாம்னு திரும்புனாங்க" என்றேன். "எழவு வீட்டுல அபசகுனமாப் பேசாதப்பா" என்று யாரோ என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அப்போது சிஸ்டரின் மகள் ஜெனிஃபர் எழுந்தாள். சென்னையில் வேலை பார்க்கிற பெண். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. "அம்மாவுக்காக நானும் வாரேன் அங்கிள். அம்மா ஜெபமாலைய நானே கொண்டுபோய் வைக்கிறேன்" என்றாள். பெண்கள் அழுதார்கள். எனக்குக் காதில் அந்தத் 'தொம்' கேட்டது.

இந்த மலரின் பக்கத்தை நான் இதற்காகத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். சேகர் அண்ணே, நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். சிஸ்டர் அந்தச் சரிவில் தோற்றுவிட்டு வரவில்லை. அவர் பேரைச் சொல்லிக்கொண்டு அவர் மகளை அதன்மேல் ஏற்றுவதற்குப் பெயர் அஞ்சலி இல்லை.

போன வாரம் ஜெனிஃபர் பேசினாள். நான் கூட்டத்தில் சொன்னது அவள் மனதில் கிடந்திருக்கிறது. "அங்கிள், அம்மா உண்மையிலேயே பயந்தாங்களா? ஒவ்வொரு தடவையும் அங்கேருந்து திரும்பி வந்து, ஜாலியா இருந்துச்சு பாப்பான்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க" என்றாள். இங்கே எழுதியிருப்பதை அவளுக்குச் சொன்னேன். ரவை மாதிரிப் பனி, அந்தக் கீறல், அவர் அழுதது, என் தோளில் விழுந்த அடி, எல்லாவற்றையும். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "டிக்கெட் போட்டாச்சே அங்கிள்" என்றாள் கடைசியில், சின்னக் குரலில்.

சரி, ஜெனி. டிக்கெட் போட்டாகிவிட்டது. எனக்கும் போடச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமும் நான் உன் அம்மாவுக்குப் பின்னால் நடந்தவன். திரும்புவோம் என்று சொல்லும் வேலை அவருடையது, திரும்பி நடக்கும் வேலை என்னுடையது. இந்த முறை அவருடைய வேலைக்கு ஆள் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பயம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அந்த இடத்துக்கு முன்னால் பனியை வெட்டிப் பார்ப்பேன். நல்ல வெயில் அடிக்கும். சேகர் அண்ணன் கைதட்டுவார். யாராவது முன்னே போன தடமும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாக எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் நின்று, வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்வேன். அப்போது என் குரல் நடுங்கும், ஜெனி. சிரித்துவிடாதே. உன் அம்மாவின் குரலும் அப்படித்தான் நடுங்கியது.